மலை மரம் கீழே இறங்கிய கதை

ஜேர்மனியின் காடும் வயலும் மாறும் காலநிலையும்

டோட்முண்ட், ஹாகன், ஹம் போன்ற நகரங்களில் வாழும் எங்கள் குடும்பங்களில் பலர் விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சவர்லான்ட் மலைப் பக்கம் போய்வருவதுண்டு. சிலர் இன்னும் தூரம் போய் ஹார்ஸ் மலையையும் பார்த்திருப்பீர்கள். 2017ஆம் ஆண்டு வரை அந்த மலைகள் கரும்பச்சைக் கம்பளம் விரித்தது போலக் காட்சியளித்தன. இன்று அங்கு போகிறவர்கள் காண்பது வேறு. மலைச்சரிவுகள் பல மொட்டையாகிவிட்டன. மொட்டையாகாத இடங்களில் பட்டை உரிந்த மரங்கள் சாம்பல் நிறத்தில், இலையின்றி, வரிசை வரிசையாக நிற்கின்றன.

"ஏன் அப்பா இந்த மரமெல்லாம் செத்துப்போய் நிற்குது?" என்று பிள்ளைகள் கேட்டால் எங்களில் எத்தனை பேரால் சரியான பதில் சொல்ல முடியும்? மர வியாபாரிகள் வெட்டிவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். தீ பிடித்திருக்கும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். உண்மை அதைவிடச் சற்று நீளமானது. அது வானிலையில் தொடங்கி, வரலாற்றுக்குள் போய், நான்கைந்து மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு வண்டில் வந்து முடிகிறது.

இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரூர் ஆற்றுப் பிரதேசத்தில் வாழ்பவர்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு, சவர்லான்ட் மலைகளில் மழையாக விழுந்து, மேன, பிக்க போன்ற நீர்த்தேக்கங்களில் தேங்கி, ரூர் ஆற்றின் வழியாக வருவதுதான். மலைக்கு நேர்வது எங்கள் வீட்டுக் குழாய் வரைக்கும் வந்து சேரும்.

ஒரே நாடு, பல வானிலை

ஜேர்மனி முழுவதும் ஒரே குளிர், ஒரே மழை என்று நாங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு கமக்காரனிடமோ வனத்துறை ஊழியரிடமோ கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்.

அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அது மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. ஹார்ஸ் மலையின் உச்சி புறொக்கன். அதன் உயரம் 1141 மீற்றர். அங்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1800 மில்லிமீற்றர் மழையும் பனியும் விழுகின்றன. அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், மலையின் மறைவில் இருக்கும் மாக்டபேர்க் நகரில் விழுவதோ சுமார் 500 மில்லிமீற்றர் மட்டுமே.

இந்த விளையாட்டு எங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் சோளகக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. மட்டக்களப்புப் பக்கத்தவர்கள் கச்சான் காற்று என்று சொல்லி முகத்தைச் சுளிப்பது அந்த வறண்ட காற்றைத்தான். தென் ஜேர்மனியில் அல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் 'ஃபேன்' என்ற சூடான காற்றும் இதே இனம்தான்.

மழை எப்படியோ, விவசாயமும் அப்படித்தான். மழை கூடிய, மண் மெல்லிய மலைகளில் புல்லும் மாடும் காடும். மழை குறைந்தாலும் கறுப்பு மண் வளம் மிகுந்த மாக்டபேர்க் சமவெளியில் கோதுமையும் சீனிக்கிழங்கும். வெய்யில் படும் றைன், மோசல் பள்ளத்தாக்குகளில் முந்திரிகை. பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒழுங்கு இது. இந்த ஒழுங்கை மனிதன் ஒரு இடத்தில் மாற்றினான். அது காட்டில் நடந்தது.

'சோறு போடும் மரம்'

நத்தார் மரம் போலக் கூம்பு வடிவில் நிமிர்ந்து வளரும் ஊசியிலை மரம் ஒன்றை ஜேர்மன் மொழியில் 'ஃபிஹ்ட' என்பார்கள். இது குளிரும் ஈரமும் நிறைந்த உயர்ந்த மலைகளுக்கும் வடநாடுகளுக்கும் உரிய மரம். மனிதன் கை வைக்காமல் விட்டிருந்தால் ஜேர்மனியின் பெரும்பகுதியில் 'பூஹ' எனப்படும் அகன்ற இலை மரமே காடாகப் பரந்திருக்கும். ஃபிஹ்ட சில மலைமுடிகளில் மட்டும் இருந்திருக்கும்.

பிறகு அது எப்படிக் கீழே இறங்கியது? பழைய காலத்தில் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் விறகு வெட்டி வெட்டிக் காடுகள் அழிந்துபோயின. சக்சனி நாட்டில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் பொன் கார்லோவிற்ஸ் என்பவர், வளருகின்ற அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்று 1713ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். 'நீடித்து நிற்கும் பயன்பாடு' என்று இன்று உலகமெல்லாம் பேசப்படும் கருத்தின் வேர்களில் ஒன்று அந்த நூலில் இருக்கிறது.

அழிந்த காடுகளைத் திரும்ப உண்டாக்க வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது. ஃபிஹ்ட நேராக வளரும்; பலகைக்கும் கூரைக்கும் ஏற்றது; எண்பது, நூறு வருடத்தில் வெட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மலையடிவாரங்களிலும் சமவெளிகளிலும் நட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வென்ற நாடுகள் நட்டஈடாகப் பெருமளவு காடுகளை வெட்டி எடுத்தபோது, வெறுமையான நிலங்களில் மறுபடியும் இதையே நட்டார்கள். வனத்துறையினர் இதைச் செல்லமாக 'சோறு போடும் மரம்' என்ற பொருளில் 'புறோட்பவும்' என்று அழைத்தார்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜேர்மனியின் காட்டில் நூற்றுக்கு 25 பங்கு இந்த மரம்தான்.

அது பெயர்ந்து வந்த மரம், அதனால்தான் வாழவில்லை என்று யாரும் அவசரப்பட்டு உவமை சொல்ல வேண்டாம். உருளைக்கிழங்கும் இங்கே பெயர்ந்து வந்ததுதான். எங்கள் குழம்பில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து எங்களிடம் வந்ததுதான். பெயர்ந்து வந்தது பிழையல்ல. ஒரே இனத்தை, ஒரே வயதில், வேறெந்த மரத்தோடும் கலக்காமல், அதன் தண்ணீர்த் தேவையை நினையாமல், மைல் கணக்கில் நட்டதுதான் பிழை.

ஃபிஹ்ட மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. தட்டுப் போல மேலாகப் படர்கிறது. மேல் மண் ஈரமாக இருக்கும்வரை கவலையில்லை. காய்ந்தால் அதற்குக் கீழே எட்டிக் குடிக்க அதனால் முடியாது. பெருங்காற்று வந்தால் வேரோடு சாயும். 2007ஆம் ஆண்டு தை மாதம் 18ஆம் திகதி வீசிய 'கிறில்' புயலில் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஃபிஹ்ட மரங்கள். அது முதல் எச்சரிக்கையும் அல்ல.

எண்பதுகளில் அடித்த மணி

எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜேர்மன் பத்திரிகைகளை நிறைத்திருந்த ஒரு சொல் 'வால்ட்ஸ்ரேர்பன்'. காடு சாதல் என்று அதற்குப் பொருள். அப்போது மொழி விளங்காமல் அகதி முகாம்களில் இருந்த எங்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் வெளிவிட்ட கந்தகப் புகை, மழையோடு கலந்து அமிலமாகி மண்ணில் இறங்கியது. மரங்கள் நோயுற்றன. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 1983இல் பெரிய உலைகளின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஈயமில்லாத பெற்றோல் வந்தது. கார்களுக்குப் புகை வடிகட்டும் கருவி வந்தது. அமிலமேறிய காட்டு மண்ணுக்கு ஹெலிகொப்ரரிலிருந்து சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். 1984 முதல் ஆண்டுதோறும் மரங்களின் உச்சியைப் பார்த்துக் காட்டின் உடல்நிலையைப் பதிவு செய்கிறார்கள். காடு முற்றாகச் சாகும் என்று பயந்தது நடக்கவில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. "இயற்கையை யார் மாற்ற முடியும்?" என்று கையை விரிப்பவர்களுக்கு இது ஒரு பதில். புகை குறைந்தது, மழை திருந்தியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கரியமில வாயுவை அந்தச் சட்டங்கள் தடுக்கவில்லை. அது வானத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது.

மூன்று கோடைகளும் ஒரு வண்டும்

2018ஆம் ஆண்டு சித்திரை மாதம் முதல் மழை பொய்த்தது. கோடை நீண்டது. அவ்வாண்டு ஐப்பசி மாதம் றைன் நதியில் கவுப் என்ற இடத்திலுள்ள நீர்மட்ட அளவுகோல் 25 சென்ரிமீற்றரைக் காட்டியது. அது ஆற்றின் முழு ஆழம் அல்ல என்றாலும், சரக்குக் கப்பல்கள் தங்கள் சுமையில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. அடுத்த ஆண்டு, 2019 ஆடி 25ஆம் திகதி, டூயிஸ்பேர்க்கின் பேர்ல் பகுதியிலும் கிறேபெல்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ரேனிஸ்போர்ஸ்ற்றிலும் வெப்பம் 41.2 பாகை செல்சியஸைத் தொட்டது. ஜேர்மனியில் அதுவரை அளக்கப்பட்டதில் அதுவே அதிகம். 2020இலும் மழை குறைவு. ஒரு வருட வறட்சியை மரம் தாங்கும். மூன்று வருடம் தொடர்ந்து வந்தபோது ஆழத்து மண்ணும் காய்ந்தது.

இந்த இடத்தில்தான் அந்த வண்டு வருகிறது. அதன் ஜேர்மன் பெயர் 'புக்ட்றுக்கர்'. புத்தகம் அச்சடிப்பவன் என்று பொருள். பட்டைக்குக் கீழே அது குடைந்த கால்வாய்களைப் பார்த்தால் அச்சடித்த ஒரு பக்கம் போலவே தோன்றும். இந்த வண்டு புதிதாக வந்த எதிரியல்ல. எக்காலமும் காட்டில் இருந்ததுதான். நலிந்த மரத்தை வீழ்த்துவதே அதன் தொழில்.

வசந்த காலத்தில் வெப்பம் 16.5 பாகையைத் தாண்டியதும் வண்டுகள் பறக்கத் தொடங்கும். ஆண் வண்டு முதலில் ஒரு மரத்தைத் துளைத்து, ஒருவித வாசனையைப் பரப்பி மற்றவற்றை அழைக்கும். மரம் நலமாக இருந்தால் துளைத்த இடத்தில் பிசின் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். ஆனால் பிசின் சுரக்க மரத்துக்குத் தண்ணீர் வேண்டும். தாகத்தோடு நிற்கும் மரத்திடம் பிசின் இல்லை. வண்டு உள்ளே போய் முட்டையிட, புழுக்கள் பட்டைக்கடியிலுள்ள, உணவு ஓடும் பசைப்பகுதியைத் தின்ன, மரம் சாகிறது.

வழமையான ஆண்டில் இந்த வண்டு இரண்டு தலைமுறை பெருகும். நீண்ட வெப்பமான கோடையில் மூன்று தலைமுறை பெருகும். அப்படிப் பெருகினால் ஒரு தாய் வண்டின் வழியில் ஒரே ஆண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் உண்டாகலாம் என்று வனத்துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். பக்கத்து மரமும் ஃபிஹ்ட, அதற்குப் பக்கத்து மரமும் ஃபிஹ்ட என்றால் வண்டுக்கு வேறென்ன வேண்டும்?

ஜேர்மன் விண்வெளி ஆய்வு நிலையம் செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தபோது, 2018 தை முதல் 2021 சித்திரை வரை சுமார் 5 இலட்சம் ஹெக்டயர் பரப்பில் மரங்கள் அழிந்திருந்தன. நாட்டின் காட்டில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 2020ஆம் ஆண்டுப் பரிசோதனையில் ஐந்து மரங்களில் ஒன்று மட்டுமே முற்றிலும் நலமாக இருந்தது. காய்ந்த மண்ணில் பூஹ மரங்களும் தப்பவில்லை. துயிரிங்கன் மாநிலத்தின் ஹைனிஹ் பூஹக் காட்டிலேயே முதிர்ந்த மரங்கள் உச்சி கருகின.

இந்த நட்டம் யாருடையது? ஜேர்மனியின் காட்டில் ஏறத்தாழ பாதி தனியாருக்குச் சொந்தமானது. பிரபுக்களின் பெருங்காடுகள் சில இருந்தாலும், பெரும்பாலானவர்கள் சில ஹெக்டயர் மட்டும் வைத்திருக்கும் கிராமத்துக் குடும்பங்கள். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டி வீடு கட்டுவது, பிள்ளைகளைப் படிப்பிப்பது என்பது அங்குள்ள வழமை. ஊரில் ஒரு பனந்தோப்பை நம்பியிருந்த குடும்பத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். எல்லோருடைய மரமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததால் விலை விழுந்தது. வண்டரித்த மரத்தை வெட்டி இறக்கும் கூலிக்குக்கூட விற்பனைப் பணம் காணாமல் போனவர்கள் பலர். நூறு வருடச் சேமிப்பு மூன்று வருடத்தில் போயிற்று.

வயலிலும் தோட்டத்திலும்

காடு பட்டதை வயலும் பட்டது. 2018இல் நாட்டின் தானிய விளைச்சல் முந்திய ஆண்டைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்தது. மாட்டுக்குப் புல் இல்லாமல், மாரிக்கென வைத்திருந்த தீவனத்தைக் கோடையிலேயே போட்டார்கள். சிலர் மாடுகளை விற்றார்கள். மத்திய அரசும் மாநிலங்களும் 340 மில்லியன் யூரோ வரை உதவி அறிவித்தன.

வெப்பம் கூடினால் குளிர்நாட்டுக்கு நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. அப்பிள் மரத்தைக் கேட்டால் தெரியும். ஹம்பேர்க்குக்குப் பக்கத்திலுள்ள 'அல்ற்றஸ் லாண்ட்' பெரிய பழத்தோட்டப் பிரதேசம். முன்னரைவிட வசந்தம் முந்தி வருவதால் அப்பிள் இப்போது முந்திப் பூக்கிறது. ஆனால் பின்பனி தன் காலத்தில் வந்தே தீர்கிறது. பூத்திருக்கும்போது பனி பிடித்தால் காய் இல்லை. 2017 சித்திரையில் அப்படி நடந்தது. 2016இல் பத்து இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த ஜேர்மனியின் அப்பிள் விளைச்சல் 2017இல் ஆறு இலட்சம் தொன்னுக்கு இறங்கியது.

இதற்கு அல்ற்றஸ் லாண்ட் கமக்காரர்கள் கைக்கொள்ளும் உபாயம் வியப்பானது. பனி விழும் இரவில் மரங்களுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. தொடர்ந்து தெளித்துக்கொண்டிருந்தால், பனிக்கட்டிக் கூட்டுக்குள் இருக்கும் பூ சாகாமல் தப்பும். விடிந்து பனி இளகும்வரை நிறுத்தக்கூடாது. அதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டும்.

முந்திரிகைத் தோட்டங்களில் நேர்மாறான கதை. பழம் கொடியிலேயே 7 பாகை உறைகுளிரில் கட்டியான பின்னர் பறித்துப் பிழிவது 'ஐஸ்வைன்' எனப்படும் விலையுயர்ந்த இரசம். 2019ஆம் ஆண்டு விளைச்சலில், நாட்டின் 13 வைன் பிரதேசங்களில் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை. போதிய குளிர் வரவேயில்லை. வரலாற்றில் அதுவே முதற் தடவை. வறட்சிக்கு மறுபக்கமும் உண்டு. 2021 ஆடி 14, 15ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலனிலும் 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிவப்பு வைனுக்குப் பேர்போன ஆர் பள்ளத்தாக்கில் வைன் நிலவறைகளும் வீடுகளும் ஒன்றாக அள்ளுண்டு போயின.

சிறு தோட்டம் வைத்து மிளகாயும் கத்தரியும் நடும் எங்கள் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் முதியவர் "ஐஸ்ஹைலிக போகட்டும்" என்று சொல்லியிருப்பார். வைகாசி 11 முதல் 15 வரையுள்ள ஐந்து புனிதர்களின் நாட்களை, பின்பனி திரும்பி வரக்கூடிய நாட்கள் என்று கமக்காரர்கள் கணித்து வைத்தார்கள். கடைசி நாள் 'குளிர் சோபி'. சித்திரையில் வெய்யில் எறித்தாலும் மிளகாய்க் கன்றை அதற்கு முன்னர் வெளியே நடாதீர்கள். பூமி சூடாகிறது என்பதால் பின்பனி நின்றுவிடவில்லை.

இனி என்ன நடுவது?

மொட்டையான மலைகளில் இன்று நடக்கும் விவாதம் இதுதான். மறுபடியும் ஃபிஹ்ட மட்டும் நடுவது அறிவீனம் என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். பூஹ, ஓக், பேர்ச், டக்ளஸ் என்று பல இனங்களைக் கலந்து நடவேண்டும் என்கிறார்கள். ஒரு நோயோ ஒரு வண்டோ வந்தால் ஓரினம் போகும், காடு நிற்கும். ஆனால் மெல்லிய இலைக் கன்றுகளை மான்கள் முதலில் தின்றுவிடுகின்றன. வேலி அடைக்கவேண்டும், அல்லது மான்களைக் குறைக்கவேண்டும். இரண்டுக்கும் செலவும் சச்சரவும் உண்டு.

ஹார்ஸ் தேசியப் பூங்காவில் வேறு வழி பார்க்கிறார்கள். அங்கு பெரும்பகுதியில் செத்த மரங்களை அகற்றாமல் விட்டுவிட்டார்கள். தூரத்தில் பார்த்தால் சுடுகாடு போல இருக்கும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், விழுந்த மரங்களின் நிழலில் பேர்ச் முதலான கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்பது தெரியும். அடுத்தமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதைக் காட்டுங்கள்.

அவசரப்பட நேரமும் இல்லை. அவசரப்பட்டு ஆவதும் இல்லை. 2022இல் எடுக்கப்பட்டு 2024 ஐப்பசியில் வெளியான கணக்கெடுப்பின்படி, 2017 தொடக்கம் ஜேர்மனியின் காடு உறிஞ்சும் கரியைவிட வெளிவிடும் கரியே கூடிவிட்டது. வெப்பத்தைத் தணிக்கும் என்று நாங்கள் நம்பியிருந்த காடே வெப்பத்துக்குப் பங்களிக்கத் தொடங்கியிருக்கிறது. ஓக் மரம் ஒன்றை இன்று நடுபவர் அதன் பலனைக் காணமாட்டார். அவருடைய பேரப்பிள்ளையும் காண்பது அரிது.

நாங்கள் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் இல்லாமல் இல்லை. நோர்ட்றைன் வெஸ்ற்பாலனில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஒக்ரோபர் 31 வரை காட்டுக்குள் புகைபிடிப்பது சட்டப்படி குற்றம். காட்டிலிருந்து 100 மீற்றருக்குள், அனுமதித்த இடங்கள் தவிர, நெருப்பு மூட்டுவதும் அப்படியே. கோடையில் உறவினர் கூடி இறைச்சி வாட்டும்போது இதை மறக்கவேண்டாம். வீட்டு முன்னால் வீதியோரம் நிற்கும் மரத்துக்கு வறட்சிக் காலத்தில் கிழமைக்கு இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பல நகரசபைகள் அதைக் குடிமக்களிடம் கேட்டுக்கொள்கின்றன. பாடசாலைகளும் கிராமங்களும் மரநடுகை நாட்கள் வைக்கும்போது பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் போங்கள்.

எங்கள் பேரப்பிள்ளைகள் இந்த நாட்டின் பிரசைகளாக வளரப்போகிறவர்கள். இன்று நடப்படும் கன்று ஓங்கி வளர்ந்து நிழல் தரும்போது அதன் கீழே நடக்கப்போவது அவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். அந்தக் காட்டில் எந்த மரம் நிற்கவேண்டும் என்பது பற்றி எங்களுக்கும் ஒரு கருத்து இருப்பதில் தவறில்லை.